மார்கழிப் பகலும் மனை நோன்பும்



சமணமும் தமிழும் என்றவுடன் காப்பியங்களும் கல்வெட்டுகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் அச்சமயம் இம்மண்ணில் இன்றளவும் வாழ்ந்து வருவது ஏட்டில் மட்டுமன்று, அடுப்பங்கரையிலும் வாழ்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டிய நாள்களில், மேல்சித்தாமூரில் சிறு குழந்தைகள் உள்ள ஒரு சமண இல்லத்தின் பகற்பொழுது எவ்வாறு கழியும் என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட இவ்வூர், தமிழ்ச் சமணரின் தலைமைப் பீடமாகிய ஜினகாஞ்சி மடம் அமைந்த ஊர். பார்சுவநாதர் கோயிலின் உயர்ந்த கோபுரமும், மல்லிநாதர் கோயிலின் பாறைச் சிற்பங்களும் இதன் தொன்மைக்கும் சிறப்புக்கும் சான்றுகள். மயிலாப்பூரிலிருந்த நேமிநாதர் திருவுருவம், கடல் ஊரை விழுங்கிவிடுமோ என்னும் அச்சத்தால் இங்குக் கொண்டுவரப்பட்டது என்பது வழிவழி வந்த செய்தி. அந்த மயிலை நேமிநாதரைப் போற்றித் திருநூற்றந்தாதி பாடியவர் அவிரோதி ஆழ்வார். அவர் பெயரில் திருவெம்பாவை ஒன்றும் வழங்குகிறது. மார்கழி விடியலில் துயிலெழுப்பும் பாடல் சைவர்க்கும் வைணவர்க்கும் இருப்பதுபோலத் தமிழ்ச் சமணர்க்கும் உண்டு என்பதைப் பலர் அறியார்.

மார்கழியில் இப்பகுதியில் கதிரவன் எழும்போது மணி ஏறத்தாழ ஆறரை, மறையும்போது 5.50. பகலின் அளவு 11 மணி 25 நிமிடத்தை ஒட்டி நிற்கும். ஆனித் திங்களின் நெடும்பகலைவிட இது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் குறைவு. பிறர்க்கு இது வெறும் பஞ்சாங்கச் செய்தி. கதிர் மறைந்தபின் உண்ணாத இல்லத்துக்கோ, இதுவே அந்நாளின் சட்டம்.

பனி விலகுமுன் வாயிலில் அரிசிமாக் கோலம் விழுகிறது. சற்று நேரத்தில் எறும்புகள் வரிசை கட்டுகின்றன. குந்தியிருந்து அவற்றைப் பார்க்கும் குழந்தையிடம், "மிதித்துவிடாதே, கண்ணு, அதுவும் காலைச் சோறு தின்ன வந்திருக்கிறது" என்கிறார் பாட்டி. உள்ளே குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி நீர் வடிகட்டப்படுகிறது. துணியில் தங்கிய சிற்றுயிர்க்கும் ஊறு நேராதவாறு அத்துணியை நீரிலேயே அலசிவிடுவது பழைய முறை. கொல்லாமை என்னும் சொல்லின் பொருளைக் குழந்தை அறிவதற்கு முன்பே அதன் கை அதனைக் கற்றுக்கொள்கிறது.

நண்பகலில் பலகாரத்துக்கு மாவு பிசையும்போது குழந்தைகள் ஆளுக்கொரு பிடி கேட்பதும், யானையும் கோழியும் செய்வதும் எவ்வீட்டிலும் உள்ளதே. ஆனால் மாவால் செய்த கோழிக்குச் சமண மரபில் ஒரு பெருங்கதை உண்டு. அதுவே ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம். தீக்கனாக் கண்டதாகக் கூறிய மன்னனை உயிர்ப்பலி கொடுக்கத் தூண்டுகிறாள் அவன் தாய். உயிர்க்கொலைக்கு அஞ்சிய மன்னன் மாவினால் செய்த கோழியைப் பலியிடுகிறான். குருதி சிந்தவில்லை, எனினும் கொல்லும் எண்ணம் இருந்தது. அவ்வெண்ணத்தின் பயனாகத் தாயும் மகனும் பல பிறவிகள் விலங்காய்ப் பிறந்து அல்லலுறுகின்றனர். நுண்ணிய இவ்வறத்தைக் குழந்தைக்கு விளக்க உரையாசிரியர் வேண்டுவதில்லை. கையிலுள்ள மாக்கோழியின் கழுத்தை முறிக்கப்போகும் குழந்தையிடம் கதையைச் சொன்னால் போதும்.

நாளின் உண்மையான சோதனை மாலையில் வருகிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீடு சேரும்போது ஐந்து மணி ஆகிவிடும். வழியில் கிறிஸ்தவ இல்லங்களின் வாயிலில் தாளால் செய்த விண்மீன்கள் தொங்கும். அவற்றுக்கு விளக்கேற்றும் நேரத்தைக் காணவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பர். அடுப்பிலோ சோறும் சாறும் அவரைக்காய்ப் பொரியலும் ஆயத்தமாக இருக்கும். எஞ்சியுள்ள ஐம்பது நிமிடத்துள் கைகால் கழுவி, உண்டு, வாய் கொப்பளித்து எழவேண்டும். விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடியும் என்பதே இரவுண்ணாமைக்குப் பெரியோர் கூறும் காரணங்களுள் முதன்மையானது. கார்த்திகை, மார்கழியில் விளக்கடியில் விட்டில்கள் குவிவதைக் கண்ட குழந்தைக்கு இதனை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் பால்குடிக் குழந்தை இரவில் பசித்தழுதால் பால் புகட்டாத தாய் எங்கும் இல்லை. நோன்பு அவரவர் வலிமைக்கு ஏற்பவே அமைகிறது.

இந்த அளவறிதலே சமண இல்லறத்தின் உயிர்நாடி. துறவிக்கு மாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் பழங்கல்வெட்டு உள்ளது. அக்குன்றின் பெருநோன்புக்கும், மாலையில் உண்டு காலைவரை காத்திருக்கும் சிறுவனின் சிறுநோன்புக்கும் இடையே அளவில்தான் வேறுபாடு, வேர் ஒன்றே.

பெரியோர்களே, இவ்வேருக்கு நீர் ஊற்றுபவர் யார் என்பதே சிந்திக்க வேண்டிய செய்தி. ஐந்து மணிக்கு உணவு ஆயத்தமாக வேண்டுமாயின், நான்கு மணிக்கு ஒருவர் அடுப்பின்முன் நிற்கவேண்டும். நூற்றாண்டுகளாக அந்த ஒருவர் பெண்ணாகவே இருந்து வந்திருக்கிறார். இன்று அப்பெண் சென்னையில் அலுவலகம் சென்று இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறார்; பிள்ளைகளுக்கு மாலையில் தனிப்பயிற்சி வகுப்பு. அவ்வீட்டில் இரவுண்ணாமை நழுவிப்போனால், குற்றம் அவருடையது என்று சொல்வது அறமாகாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சமணர் 89,265 பேர். வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோரும் அதில் அடங்குவர். தமிழ்ச் சமணர் அதில் ஒரு பகுதியினரே. இத்துணைச் சிறிய சமுதாயத்தில், வீட்டுக்கு வீடு நழுவும் வழக்கம் விரைவில் ஊருக்கே நழுவிவிடும். வழக்கம் நிலைக்க வேண்டுமென விழையும் ஆண்களும் நான்கு மணிக்கு அடுப்பின்முன் நிற்கப் பழகவேண்டும். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி மட்டுமன்றித் தாத்தாவும் சோறு வடித்துப் போடட்டும்.

இலக்கிய அன்பர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதற்குமுன், கும்பகோணத்தில் ஒரு சமண இல்லத்தின் வாயிலில் தோரணம் கட்டியிருக்கக் கண்டு, என்ன விசேடம் என்று வினவினார். சிந்தாமணி படித்து நிறைவு செய்யும் நாள் அது என்று விடை கிடைத்தது. கற்றோர் பலர் பெயரளவில் அறிந்திருந்த காப்பியத்தை, ஒரு குடும்பம் அன்றாட வழக்கமாகப் போற்றி வைத்திருந்தது. நூலாயினும் நோன்பாயினும் நெடுங்காலம் காப்பது இத்தகைய வீடுகளே. அவ்வீடுகளில் அப்பணியைச் செய்வோரின் சுமையைப் பகிர்ந்துகொள்வதே அவற்றுக்குச் செய்யும் மெய்யான தொண்டு.