முடிவு எழுதாத மாணவர்
(மருத்துவ மாணவர்களின் ஆராய்ச்சி குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு)

    

1

எம்.பி.பி.எஸ். மாணவர் ஆராய்ச்சி செய்யலாமா என்பது நமக்குள் பழைய வழக்கு. முதலில் பாடத்தைப் படிக்கட்டும், ஆராய்ச்சியெல்லாம் எம்.டி.க்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களோடு இன்று நான் வாதாடப் போவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் இளநிலை மாணவர்களுக்கு இரண்டு மாத ஆய்வு உதவித்தொகை வழங்கி வருகிறது. 2019இல் வந்த பாடத்திட்டம் விருப்பப் பாடத்துக்கென எட்டு வாரம் ஒதுக்கி, அதில் ஒரு பகுதியை ஆய்வுக்கூடத்திலோ ஓர் ஆராய்ச்சியாளரின் கீழோ கழிக்க இடம் தந்தது. அந்தக் கட்சி தோற்று நாளாகிவிட்டது.

என் வழக்கு வேறு தரப்போடு. அவர்கள் என் நெருங்கிய நண்பர்கள். சிலர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். மாணவர் ஆராய்ச்சி செய்யட்டும், ஆனால் கருதுகோள் இருக்க வேண்டும், மாதிரி அளவைக் கணக்கிட வேண்டும், புள்ளியியல் முடிவு வர வேண்டும், அது இதழில் அச்சேற வேண்டும். இவை இல்லாவிட்டால் அது ஆராய்ச்சியே ஆகாது என்பது அவர்கள் நிலை. மாணவர் எதைப் பார்த்தார், அதை எவ்வளவு துல்லியமாகப் பதிந்தார், தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதும் துணிவு அவருக்கு இருந்ததா என்பதை வைத்தே அவர் ஆய்வை எடைபோட வேண்டும் என்பது என் நிலை. இதற்கு என் சாட்சி பால் லாங்கர்ஹான்ஸ்.

2

அவர் பெயர் இரண்டாமாண்டு மாணவருக்கும் தெரியும். தம் பெயர் தாங்கிய செல்களைக் கண்டபோது அவர் மாணவராக இருந்தார் என்பதைத்தான் நாம் சொல்லித் தருவதில்லை.

1847இல் பெர்லினில் பிறந்தவர். யேனாவில் படிப்பைத் தொடங்கி, பெர்லின் திரும்பி, விர்ஹோவின் நோயியல் நிலையத்தில் சேர்ந்தார். கோன்ஹைம் கையாண்ட தங்கக் குளோரைடு சாயமுறையை அங்கே கற்றுக்கொண்டு, மனிதத் தோலுக்கு அதைப் பயன்படுத்தினார். மேல்தோலின் செல்களுக்கு நடுவே கிளைகிளையாகக் கை நீட்டிய கறுப்புச் செல்கள் தெரிந்தன. 1868இல் அவற்றை விவரித்து எழுதினார். அவை நரம்பைச் சேர்ந்தவை என்று கருதினார். அந்தக் கருத்து தவறு. அவை நோயெதிர்ப்புச் செல்கள் என்பது நிலைபெற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. விளக்கம் போய்விட்டது, வர்ணனை நின்றது. இன்றும் அந்தச் செல்கள் அவர் பெயரில்தான் இருக்கின்றன.

மறு ஆண்டு, 1869, பட்டத்துக்கான ஆய்வேடு. எடுத்துக்கொண்ட பொருள் கணையத்தின் நுண்ணமைப்பு. முயலின் கணையத்தைத்தான் பெரிதும் பார்த்தார். செல்களை வகை பிரித்துக்கொண்டே போகும்போது ஒரு வகை மட்டும் மற்றவற்றோடு சேரவில்லை. சிறிய, பலகோண வடிவச் செல்கள். உள்ளே துகள்கள் இல்லாமல் தெளிவாக இருந்தன. கூட்டம் கூட்டமாக, சுரப்புத் திசுவின் இடையே சிதறிக் கிடந்தன. வடிவத்தை எழுதினார், அளவை எழுதினார், இருக்குமிடத்தை எழுதினார். இவற்றின் வேலை என்ன என்ற கேள்விக்கு, தன்னிடம் விளக்கம் இல்லை என்பதை ஒளிக்காமல் எழுதினார்.

நண்பர்களே, இந்த ஆய்வேடு இன்று நம் ஆய்வுக் குழுவின் முன் வந்தால் என்ன ஆகும்? கருதுகோள் எங்கே என்று கேட்போம். முடிவுரையை மாற்றி எழுதிவரச் சொல்லித் திருப்பி அனுப்புவோம். பெர்லினில் பட்டம் கொடுத்தார்கள்.

அதன்பின் நடந்ததைப் பாருங்கள். காசநோயால் மதேரா தீவில் போய்த் தங்கிய லாங்கர்ஹான்ஸ், அங்கே கடற்புழுக்களை ஆராய்ந்தபடி மருத்துவமும் பார்த்து, 1888இல் நாற்பது வயதில் இறந்தார். அடுத்த ஆண்டே மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் நாயின் கணையத்தை அகற்றினால் நீரிழிவு வருவதைக் கண்டார்கள். 1893இல் பிரான்சின் லாகெஸ் அந்தச் செல்திட்டுகளுக்கு லாங்கர்ஹான்ஸ் பெயரைச் சூட்டி, அவை இரத்தத்துக்குள் ஏதோ சுரக்கக்கூடும் என்றார். லாகெஸ் எதை நம்பி அப்படிச் சொல்ல முடிந்தது? இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் அந்தத் திட்டுகளைத் தனியே பிரித்து, ஊகத்தால் மூடாமல், திறந்த கேள்வியாக விட்டுச் சென்றிருந்தார். செரிமானத்துக்கு உதவும் சுரப்பி என்று அன்றே ஒரு வரி சேர்த்திருந்தால் ஆய்வேடு முழுமையாகத் தெரிந்திருக்கும். பின்வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி கண்ணில் பட்டிருக்காது.

லாங்கர்ஹான்ஸுக்கு விர்ஹோவ் இருந்தார், நம் மாணவருக்கு யார் இருக்கிறார் என்பது உங்கள் மறுப்பு, பலமுறை கேட்டிருக்கிறேன். அவருக்குக் கிடைத்தவை ஒரு சாயமுறை, ஒரு நுண்ணோக்கி, அவகாசம், முடிவு கேட்டு நெருக்காத ஆசிரியர்கள். முதல் இரண்டும் நம் ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு.

3

இன்னொரு சாட்சியாக ஜே மெக்லீனையும் சொல்ல வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மாணவர். இரத்தத்தை உறையவைக்கும் பொருளை ஆராயும்படி ஆசிரியர் ஹவல் பணித்தார். ஆனால் ஈரலிலிருந்து எடுத்த சாறு ஒன்று உறைதலைத் தடுத்தது. 1916இல் அது அச்சில் வந்தது. ஹெப்பாரின் வரலாறு அங்கே தொடங்குகிறது. கருதுகோளுக்கு நேர்மாறாக வந்த விடையை அவர் மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

4

நம் நிலைமைக்கு வருவோம். இரண்டு மாதத்தில் முடிவு வேண்டும் என்று வற்புறுத்துவதால், மாணவர்கள் ஓ.பி. வாசலில் வினாத்தாளோடு நிற்கிறார்கள். விழிப்புணர்வு குறைவு, அதை வளர்க்க வேண்டும் என்று எழுதி முடிக்கிறார்கள். வினாத்தாள் ஆய்வு இழிவானதன்று. விடை முன்பே தெரிந்த கேள்வியை மாணவர் கையில் கொடுப்பதுதான் தவறு. அவர்களிடம் ஆர்வம் இருக்கிறது. அதை நாமே வீணாக்குகிறோம் என்பது என்னை உறுத்துகிறது.

5

இனிச் செய்ய வேண்டியவை சில. விவரங்களைப் பின்வருபவர்கள் நிரப்பட்டும். விடை கிடைக்காத மாணவர் ஆய்வுகளையும் கல்லூரி நூலகம் பாதுகாக்க வேண்டும். வழிகாட்டும் ஆசிரியரின் நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். சாயமுறைகளை ஆய்வக நுட்புநரிடம் கற்க ஏற்பாடு வேண்டும். 1979 முதல் உதவித்தொகை பெற்றவர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்பதே ஒரு நல்ல ஆய்வுப் பொருள். நோயியல் துறைகளில் பழைய ஸ்லைடுப் பெட்டிகள் பட்டியலின்றிக் கிடக்கின்றன. முதலாமாண்டு மாணவர் இருவரை அமர்த்தி, கண்டதை மட்டும் எழுதச் சொல்லி, வரும் கல்வியாண்டிலேயே அந்தப் பட்டியலைத் தொடங்கலாம்.