குறி பார்க்கவும் ஒரு கதிர்



பச்சைமலையின் ஊர் ஒன்றிலிருந்து புற்றுநோயுற்ற குழந்தையைக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அழைத்து வரும் பெற்றோர், மலையிறங்கித் துறையூர் வந்து, அங்கிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ செல்கின்றனர். மூளைக் கட்டி ஒன்றுக்கு வாரத்திற்கு ஐந்து நாளாக ஆறு வாரம், அதாவது முப்பது முறை, அக்குழந்தை சிகிச்சை மேசையில் படுக்க நேரிடும். ஒவ்வொரு முறையும் நோயை அழிக்கும் கதிர் பாய்வதற்கு முன்னர், குழந்தை சரியான இடத்தில் கிடக்கிறதா என்று காண ஒரு படம் எடுக்கப்படுகிறது. அந்தப் படமும் எக்ஸ்ரே கதிரால் ஆனதே. இவ்வுரை அந்தப் படத்தைப் பற்றியது.

படம் ஏன் வேண்டும்? வெந்நீரில் இளகும் நெகிழித் தகட்டை முகத்தின்மேல் பொருத்தி, அது இறுகியபின் முகமூடியாக்கித் தலையை அசையாது பிடிக்கின்றனர். மிகச் சிறிய குழந்தைகளுக்கு நாள்தோறும் மயக்க மருந்தும் கொடுக்கின்றனர். அவ்வளவு செய்தும் சில மில்லிமீட்டர் விலகல் நேர்வதுண்டு. விலகல் எவ்வளவு என அறியாத மருத்துவர், கட்டியைச் சுற்றி அகன்ற விளிம்பு விட்டே கதிரைச் செலுத்த இயலும். 3 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் கட்டியின் கன அளவு ஏறத்தாழ 14 கன செ.மீ. சுற்றிலும் 1 செ.மீ. விளிம்பு சேர்த்தால் அது 65 ஆகிறது, 3 மி.மீ. விளிம்பு போதுமெனில் 24தான். இடையிலுள்ள 41 கன செ.மீ. வளரும் மூளையின் நல்ல திசு. ஆதலின் படமே வேண்டாம் என்று மறுப்பது குழந்தைக்கு நன்மை ஆகாது.

கதிர் மருத்துவத்தின் முதல் நோயாளிகளுள் ஒருவர் சிறுமி என்பதைப் பலர் அறியார். ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்த மறு ஆண்டே, 1896இல், வியன்னாவில் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் என்னும் மருத்துவர், முதுகில் மயிரடர்ந்த பெரு மச்சம் கொண்ட நாலைந்து வயதுச் சிறுமிக்கு அக்கதிரைச் செலுத்தினார். மயிர் உதிர்ந்தது, புண்ணும் வந்தது. அவர் முதுமை வரை வாழ்ந்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பின் மருத்துவர்கள் ஆய்ந்தபோது முதுகில் வடுவும் முதுகெலும்பில் வளைவும் இருந்தன. குழந்தைக்குக் கொடுக்கப்படும் கதிருக்குக் கணக்குத் தீர நெடுங்காலம் உண்டு.

தமிழகத்தில் இத்துறை வேரூன்றியது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில். அங்கு 1950களிலேயே கோபால்ட் கருவி வந்தது. அக்காலத்தில் குறி பார்த்தது தோலில் இட்ட மைக்கோடும் தொழில்நுட்பரின் கண்ணும். இன்றோ சிகிச்சைக் கருவியிலேயே படமெடுக்கும் குழாயும் இணைந்துள்ளது. அது குழந்தையைச் சுற்றி வந்து ‘கூம்புக் கதிர் சி.டி.’ என்னும் முப்பரிமாணப் படத்தைத் தருகிறது.

இனி அளவைக் காண்போம். மூளைக் கட்டிக்கு ஒரு நாள் சிகிச்சை பொதுவாக 1.8 கிரே, அதாவது 1800 மில்லிகிரே. வழிகாட்டும் படம் ஒன்றுக்குக் கருவியையும் அமைப்பையும் பொறுத்துச் சில மில்லிகிரே முதல் 20, 30 வரை ஆகும். இருபது என்று கொண்டால் முப்பது நாளில் 600 மில்லிகிரே. ஒரு நாள் சிகிச்சையின் மூன்றில் ஒரு பங்கே என்று தோன்றலாம். ஆயினும் சிகிச்சைக் கதிர் கட்டியின்மேல் குவிகிறது. படத்தின் கதிரோ கண்வில்லை, தைராய்டு, எலும்பு மஜ்ஜை என எதிர்ப்பட்ட அனைத்தின்மேலும் பரவுகிறது.

2012இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு, இளவயதில் சி.டி. எடுத்த ஏறத்தாழ 1,78,000 பேரைத் தொடர்ந்து கவனித்தது. மஜ்ஜைக்கு மொத்தம் 50 மில்லிகிரே அளவு சென்றவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் வாய்ப்பும், மூளைக்கு 60 அளவு சென்றவர்களுக்கு மூளைக் கட்டி வாய்ப்பும் மும்மடங்காகலாம் என்றது. மும்மடங்கு என்பது அச்சுறுத்தும் சொல். அதே ஆய்வின் கணக்கில், பத்து வயதிற்குட்பட்ட 10,000 பேர் தலைக்கு ஒரு சி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டில் கூடுதலாக நேர்வது இரத்தப் புற்றுநோய் ஒன்று, மூளைக் கட்டி ஒன்று. சிகிச்சைக் கதிரின் சிதறலோடு ஒப்பிட்டால் படத்தின் பங்கு சிறிது என்று வாதிடுவோர் உண்டு. அது மெய்யே. ஆனால் சிதறலை முற்றிலும் விலக்க இயலாது. படத்தின் மிகையை விலக்க இயலும்.

எவ்வாறு எனில், கருவியில் ‘தலை’, ‘மார்பு’, ‘இடுப்பு’ என்று முன்பே பதிந்துள்ள அமைப்புகள் பெரும்பாலும் வளர்ந்தோர் உடலை எண்ணி வகுத்தவை. மெலிந்த சிறு உடலில் அதே அமைப்பு கூடுதல் கதிரைச் சேர்க்கும். குழாயின் மின்னோட்டத்தைக் குறைத்து, படப் பரப்பைச் சுருக்கி, முழுச் சுற்றுக்குப் பதில் தலையின் பின்புறமாக அரைச் சுற்றுச் சுழற்றினால் கண்வில்லை காக்கப்படுவதோடு, அளவு ஒன்றிரண்டு மில்லிகிரேக்கு இறங்கும். முப்பது நாளைக்கும் 30 முதல் 60 மட்டுமே. படம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். தெரியட்டும், நோயைக் கண்டறியும் படமன்று அது. மண்டையோட்டின் எலும்பு திட்டப் படத்தோடு பொருந்துகிறதா என்று காண அத்தெளிவு போதும். வயிற்றில் மென்திசுவைக் காண வேண்டிய இடத்தில் மட்டும் கதிரைச் சற்றுக் கூட்ட நேரும். உடலின் மேற்பரப்பை ஒளியால் அளக்கும் கேமராக்களும் உள்ளன. அவற்றில் எக்ஸ்ரே இல்லை.

சென்னையில் 2019இல் தொடங்கிய புரோட்டான் சிகிச்சை கட்டிக்கு அப்பால் ஏறக்குறையக் கதிரே செல்லாமல் நிறுத்துகிறது. அங்கும் குறி பார்க்க எக்ஸ்ரே வேண்டும். சிகிச்சையின் மிகை குறைந்த இடத்தில் படத்தின் பங்கு முன்னிலும் எடுப்பாகத் தெரியும்.

இந்தியாவில் கதிர்வீச்சு சிகிச்சை நிலையங்களை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மேற்பார்வையிடுகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் மருத்துவ இயற்பியலாளர் இருத்தல் வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் மருத்துவரை மட்டுமே காண்பர். இயற்பியலாளரையும் கேட்டுக் காணலாம். படம் எத்தனை நாளைக்கு ஒருமுறை, சிறார்க்கெனத் தனி அமைப்பு உண்டா, ஒரு படத்திற்கு எத்தனை மில்லிகிரே என்னும் மூன்று வினாக்களுக்கும் அவரிடம் விடை இருக்கும். சிகிச்சை முடிந்து மலையேறும் நாளில் அவ்விடைகளையும் சிகிச்சைச் சுருக்கத்தோடு எழுதி வாங்கிக்கொள்வது நலம். இருபது ஆண்டு கழித்து அக்குழந்தையைப் பரிசோதிக்கும் வேறொரு மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.