பழைய மேசைக்குப் புது மெருகு

மொட்டைமாடி மூலையில் பழைய மர மேசை ஏதாவது கிடக்கிறதா? விறகுக்குப் போடுமுன் கவிழ்த்துப் பாருங்கள். பாலிஷ் படாத அடிப்பக்கத்தில்தான் மரத்தின் உண்மையான நிறம் தெரியும். தேக்கு என்றால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். பிசுபிசுவென்று இளகினால், அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட் நனைத்த துணியாலேயே துடைத்து எடுத்துவிடலாம். பழைய பெயின்ட் என்றால் எச்சரிக்கை வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உலர்வாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளுக்குப் பெருங்கேடு.

பழைய பூச்சு போனதும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்: முதலில் 80ஆம் எண் தாள், பிறகு 120, கடைசியில் 220. எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே விழுந்த கீறல், பாலிஷ் போட்டதும் பளிச்சென்று தெரியும்.

இனி அரக்கு. பலாச மரத்திலும் பூவ மரத்திலும் வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரப்பது அது. ஜார்க்கண்டில் ஏராளமாகக் கிடைக்கிறது. அரக்குச் செதில்களை இரவே ஸ்பிரிட்டில் ஊறப்போடுங்கள். பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, அந்தக் கரைசலில் தொட்டு, மெல்லிசாகப் பல தடவை பூசுங்கள். அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் அழகே போய்விடும். மழை நாளில் இந்த வேலை வேண்டாம். ஈரக்காற்று பட்டால் பூச்சு வெளுத்துப்போகும். சூடான காபி டம்ளரையும் அதன்மேல் நேரடியாக வைக்காதீர்கள், வெள்ளை வட்டம் விழும்.