குற்றாலக் குளியலும் பார்டர் பரோட்டாவும்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழை பொழியும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலமே குற்றாலச் ‘சீசன்’ எனப்படுகிறது. அருவியில் குளிர்ந்த உடல் தன் வெப்பத்தை மீட்க ஆற்றலைச் செலவிடுவதால், கரையேறும் குடும்பங்கள் கடும்பசியுடன் செங்கோட்டையை அடுத்த பிரானூர் பார்டர் கடைகளை நாடுகின்றன. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணையும்வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பகுதியைச் சேர்ந்திருந்தமையால் எல்லை பிரானூரில் இருந்தது. எல்லை மேற்கே நகர்ந்த பின்னும் பெயர் நகரவில்லை.

எண்ணெயில் ஊறிய மைதா மாவை மெலிதாக வீசி, சுருட்டி, கல்லில் சுட்டு, நான்கைந்தாக அடுக்கி, இரு கைகளாலும் பக்கவாட்டில் அடிக்கும்போது பரோட்டாவின் அடுக்குகள் விரிந்து, சால்னா எனப்படும் நீர்த்த மசாலாக் குழம்பை எளிதில் உறிஞ்சுகின்றன. பிய்த்துப் போட்டு, சால்னாவைத் தாராளமாக ஊற்றி, ஊறவிட்டு உண்பதே அவ்வட்டார முறையாதலால், தொட்டு உண்பவர் வெளியூரார் என்பது உடனே தெரிந்துவிடும். மிளகுக் காரம் தூக்கலான கோழி வறுவல், தாத்தாவின் இலையிலிருந்து பேரனின் இலைக்கு இடம் மாறுவதும் உண்டு. சீசன் ஞாயிறுகளில் இடம் பிடிப்பது தனிக்கலை. ஈரத்தலையுடன் ஒரு குடும்பம் உண்டுகொண்டிருக்கையிலேயே, அதன் நாற்காலிகளுக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நின்றுவிடுகிறது.