திருச்சி தடுத்த கடிகாரம்

 திருச்சி தென்னூரில் உட்கார்ந்துகொண்டு பிரெஞ்சுக் கடிகாரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். இந்தியாவுக்கென்றே செய்த கடிகாரம் அது. வராமல் போனதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு.

ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷாக இருந்தாரே, அந்தப் புதுச்சேரி கவர்னர் டூப்ளே, கோல்கொண்டா அரசருக்குப் பரிசளிக்க பாரிஸில் செய்யச் சொன்னது. 1754இல் முடிந்தது. திட்டம் பாஸ்மான், இயந்திரம் ரோக், வெண்கல வேலை ஜெர்மேன். பெயர் ‘உலகப் படைப்பு’.

அந்தக் காலத்துப் பாரிஸ் கடிகாரங்களில் கிரேக்க தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. வில் பிடித்த மன்மதக் குழந்தை, அரிவாள் ஏந்திய காலதேவன், தேரில் சூரியன். பார்க்க அழகுதான். ஆனால் சிலையைக் கழற்றினாலும் கடிகாரம் ஓடும். எனக்கு அது குறையாகவே படுகிறது. டூப்ளேயின் கடிகாரத்தில் அப்படிப் பிரிக்க முடியாது. பாறையும் நீரும் மேகமுமாகப் புரளும் வெண்கலத்துக்கு நடுவே கதிர் விரித்த சூரியன். மணி பார்ப்பதே அதன் முகத்தில்தான். பூமி உருண்டை, கோள்களின் சுற்று, வளர்பிறை தேய்பிறை எல்லாம் கூடவே நகரும்.

அன்றைய பாரிஸில் இப்படிப்பட்ட வெண்கலத்துக்குப் பொன் பூசியது பாதரசத்தால். பொன்னை ரசத்தில் குழைத்துத் தடவி நெருப்பில் காட்டினால் ரசம் ஆவியாகிவிடும், பொன் பிடித்துக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கும், பல் ஆடும். பலருக்கு ஆயுசும் குறைவு. மினுமினுப்பைப் புகழும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, நம்ம ஊர்ப் பங்கு. 1752 ஜூனில், ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் தங்கியிருந்த ழாக் லாவின் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதற்கு முன்பே கிளைவ் சமயபுரத்தில் உட்கார்ந்து வடக்கு வழியை அடைத்திருந்தார். டூப்ளே விடவில்லை. திருச்சியைப் பிடிக்க மேலும் இரண்டு வருஷம் ஆளையும் பணத்தையும் கொட்டினார். கோட்டை விழவில்லை, பாரிஸில் பொறுமை போயிற்று. 1754இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கொடுக்க வேண்டியவருக்கே பதவி போன பிறகு பரிசு எங்கே கப்பல் ஏறும்? அதே வருஷம் பதினைந்தாம் லூயியின் பார்வைக்குப் போன கடிகாரம், பிரான்ஸிலேயே தங்கிவிட்டது.

இப்போது அது வெர்சாய் அரண்மனையின் சொத்து. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பாரிஸில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள், மோனா லிசாவோடு திரும்பிவிடாமல் இதையும் விசாரித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.