மனமா? நரம்பா?



வைத்தியக் கல்வி முடித்து விசேட பயிற்சியை நாடும் இளைஞர் முன் இரு வாயில்கள் உள. ஒன்று நரம்பு வைத்தியம், மற்றையது உளவைத்தியம். மூளையிற் காணும் நோயே மெய், மனத்திற் காண்பது வெறும் மயக்கம் என்றெண்ணி முன்னதைத் தெரிவோர் உளர். இவ்வெண்ணம் பொருந்துமா எனச் சிறிது சிந்திப்போம்.

1906ஆம் ஆண்டில், மறதி நோயால் இறந்த ஒரு மாதின் மூளையிற் கண்ட கேட்டை எடுத்துரைத்த அல்சைமர் ஓர் உளவைத்தியரே. மன ஆராய்ச்சிக்குப் புதுவழி வகுத்த பிராய்டோ, 1886இல் வியன்னாவில் நரம்பு வைத்தியராகத் தொழில் தொடங்கியவர். சித்தம் கலங்கி மாண்டோர் சிலரின் மூளையில் மேகநோய்க் கிருமி இருந்தமை 1913இல் வெளியாயிற்று. பித்துற்றார் போலப் பிதற்றிய இளம் பெண்கள் சிலரின் மூளையை, அவர்தம் உடலின் நோயெதிர்ப்புச் சத்தியே தாக்கியதென 2007இல் அறிஞர் விளக்கினர். சூற்பைக் கட்டியை அகற்றிச் சிகிச்சை செய்ய, அவருட் பலர் குணமடைந்தனர்.

ஆகவே, இரு துறைக்கும் இடைப்பட்ட எல்லை நிலையானதன்று. அதனை நம்பித் தொழிலைத் தெரிதல் தகாது. அன்றாட வேலையை நோக்குவோம். நரம்பு வைத்தியர் சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டியும், கண்ணசைவை நோக்கியும், கேடு எவ்விடத்ததெனத் தேடுவர். உளவைத்தியர் நோயாளியின் சொல்லை நெடுநேரம் கேட்டு, அவர் வாழ்வையும் குடும்பத்தையும் அறிவர். தேடலில் மகிழ்வோர் முன்னதையும், கேட்டலிற் சலியாதோர் பின்னதையும் தெரிக. எதைத் தெரியினும் மற்றதைக் கல்லாது விடற்க.

மனநோயை இழிவென எண்ணும் வைத்தியரிடம் நோயாளி வாய் திறவார். சொல்லாத நோய்க்கு மருந்து ஏது?