பசுந்தாளை மடக்கும் பருவம்



தில்லியிலும் அதனை அடுத்த வட மாநிலங்களிலும் குடியேறி வாழும் தமிழ் மக்களில் பலர், குடியிருப்பின் பின்புறத்தில் நான்கு பாத்தி நிலம் கிடைத்தாலும் போதும், அதிலே வெண்டையும் கத்தரியும் பீர்க்கும் பயிரிட ஆவல் கொள்கின்றனர். விதையும் ஊரிலிருந்து வந்து சேர்ந்துவிடுகிறது. ஆயினும், விதையை வாங்கிக்கொள்ளப்போகும் மண்ணுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. அதனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விழைகிறோம்.

தழையுரம் நமக்குப் புதியதன்று. நெல் நடவுக்கு முன் கொளிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றைச் சேற்றிலே மிதித்து மடக்குவது நம் நஞ்சை நிலங்களில் வழிவழியாக வந்த வழக்கம். வட நாட்டில் இதற்கு ‘ஹரீ காத்’ என்று பெயர். முறை ஒன்றே, பருவந்தான் வேறு. இங்கே ஐப்பசியில் விதைத்த பயிர், மார்கழிக் குளிரைத் தாங்கி நின்று, தைக் கடைசியில் அல்லது மாசித் தொடக்கத்தில் மண்ணுக்குள் செல்ல வேண்டும். அதன் பிறகே கோடைக் காய்கறி. குளிர்காலத்தில் வெறுமையாகக் கிடக்கும் பாத்தி, இவ்வாறு தனக்கு வேண்டிய உணவைத் தானே விளைவித்துக்கொள்கிறது.

இதற்கு ஏற்ற பயிர்கள் பர்சீம், செஞ்சி, வெந்தயம், பட்டாணி ஆகியவை. பர்சீம் எகிப்து நாட்டிலிருந்து வந்த தீவனப் பயிர். வட நாட்டு விதைக் கடைகளில் எளிதில் கிடைக்கும். நூறு சதுர அடிக்கு 25 கிராம் விதை போதுமானது. விதையை முதலில் உப்பு நீரில் இடுதல் நன்று. கலந்து வரும் காசினிக் களையின் விதை மேலே மிதக்கும். அதனை வடித்து நீக்கிவிட்டு, நல்ல விதையைத் தூய நீரில் கழுவி விதைக்கலாம். பர்சீம் முன்பு பயிராகாத நிலமாயின், அதற்குரிய நுண்ணுயிர் உரத்தை விதையுடன் கலக்க வேண்டும். அல்லது பர்சீம் நன்கு விளைந்த வயலின் மண்ணைச் சிறிது கொணர்ந்து பாத்தியில் தூவ வேண்டும்.

இந்த நுண்ணுயிரின் பணி யாது? செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் தென்படும். அவற்றுள் வாழும் உயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் உணவாக மாற்றுகின்றன. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள் 1886ஆம் ஆண்டில் இந்த உண்மையைச் சோதனையால் நிலைநாட்டினர். கடுகும் பசுமையாக வளரக்கூடியதே. மடக்கினால் மண்ணில் மக்கும். ஆனால் காற்றிலிருந்து நைட்ரஜனைக் கொணரும் ஆற்றல் அதற்கில்லை. அன்றியும், யமுனைக் கரை வண்டல் மண்ணில் மக்குப்பொருள் மிகக் குறைவு. இங்குள்ள கோடை வெயில் அதனையும் விரைவில் தீர்த்துவிடுகிறது. எனவே ஆண்டுதோறும் புதிதாகச் சேர்த்தல் இன்றியமையாததாகிறது.

மடக்க வேண்டிய தருணத்தைச் செடியே காட்டிவிடும். பூப்பதற்கு முன்போ, முதற்பூ காணும்போதோ, தண்டு இளமையாக இருக்கையில் மடக்க வேண்டும். இளந்தழை விரைவில் மக்கி மண்ணுக்கு ஊட்டம் தரும். தண்டு முற்றி நாராகிவிட்டாலோ, அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தம் தேவைக்காக மண்ணிலுள்ள நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும். பிறகு நடும் நாற்று சில வாரங்கள் மஞ்சளித்து நிற்கும். உரமிட்ட பின்பும் பயிர் வாடுகிறதே என்று பலர் வியப்பதற்கு இது ஒரு காரணம்.

முதலில் செடியை அடியோடு அறுத்து, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிப் பாத்தியிலேயே பரப்புக. ஓரிரு நாள் வாடிய பின், மண்வெட்டியால் அரையடி ஆழத்துக்குக் கொத்தி மடக்குக. பர்சீம் அறுத்த அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்புடையது. ஆகையால் அதன் வேர்த் தலைகளைப் புரட்டிவிட மறக்கலாகாது. மிக ஆழமாகப் புதைத்தால் காற்றுக் கிடைக்காது. தழை மக்குவதற்குப் பதிலாக அழுகி நாறும். மண் சேறாக இருக்கும்போது கொத்தினால் கட்டி விழும். பிடித்த மண் கையில் உதிரும் பதமே சரியான பதம். மடக்கியபின் மண் காய்ந்துவிடாமல் நீர் தெளித்து வருக. மாசி, பங்குனியின் வறண்ட காற்றில் ஈரமில்லாத தழை மக்காமல் சருகாகவே கிடக்கும்.

அதன்பின் மூன்று வாரம் பொறுத்தல் வேண்டும். தழை மக்கும் தொடக்க நாட்களில் அந்த மண்ணில் விழும் விதை, முளைக்கு முன்பே அழுகிப்போகக்கூடும். வெண்டை விதைக்கு மண்ணின் வெதுவெதுப்பும் தேவை. தில்லியில் மார்ச் முதல் வாரம் அதற்கு ஏற்றது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், பிப்ரவரி 10ஆம் தேதிக்குள் பாத்தி மடக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விளங்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: தழையுரம் புதிதாகச் சேர்ப்பது நைட்ரஜனை மட்டுமே. மற்ற சத்துகளுக்கு நன்கு மக்கிய சாணமோ, சமையற்கழிவின் மக்கோ உடன் இடுதல் வேண்டும்.

இல்லத்தரசியர் இங்கே ஒரு தடை எழுப்புவர். தளதளவென்று நிற்கும் வெந்தயக் கீரையை மண்ணில் புதைக்க மனம் வருமா என்பர். நியாயமே. இளமையில் ஒருமுறை கிள்ளிக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, மீண்டும் தழைத்ததை மண்ணுக்கு விட்டுவிடலாம். முழுவதையும் நாமே எடுத்துக்கொண்டால் மண்ணுக்கு வேர் மட்டுமே மிஞ்சும். பயனும் அந்த அளவே.

இரண்டாவது தடை இதனினும் பெரியது. அரசாங்க வீட்டிலும் வாடகை வீட்டிலும் குடியிருப்போர், “இது நம் நிலமா? சித்திரையில் வெண்டை காய்க்கும் வேளையில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டால், உழைப்பு நம்முடையது, காய் வேறொருவருடையது அல்லவா?” என்று கேட்கின்றனர். ஊர்விட்டு ஊர் வந்தவரின் உள்ளத்தில் உள்ள வினா இது, எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று.

தில்லியில் பூசா என்று நாம் அழைக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இடம்பெயர்ந்து வந்ததே. பீகாரில் பூசா என்னும் ஊரில் 1905ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிலையம், 1934ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தபின், 1936இல் தில்லிக்குப் பெயர்க்கப்பட்டது. பெயரை உடன் கொணர்ந்தது. பண்படுத்திய மண்ணை அங்கேயே விட்டு வந்தது. மண்ணின் இயல்பு அத்தகையது. அதனை மூட்டை கட்ட இயலாது. நாம் குடிபுகுந்த வீட்டின் பாத்தி இறுகிக் கிடந்தால், முன்பிருந்தவரை நொந்துகொள்கிறோம். அது பொலபொலவென்று இருந்தால், அவர் யாரென்று அறியாமலே வாழ்த்துகிறோம். நமக்குப் பின் வருபவரும் அவ்வாறே செய்வர்.

ஆகவே, தை பிறந்ததும் நாள்காட்டியில் நாளைக் குறித்துக்கொண்டு மண்வெட்டியை எடுங்கள். காய் பறிக்கும்வரை இங்கே இருந்தால் பறித்து உண்ணுங்கள். இடையில் செல்ல நேர்ந்தால், வீட்டுச் சாவியை ஒப்படைக்கும்போது, எந்தப் பாத்தியை எந்தத் தேதியில் மடக்கினீர்கள் என்பதையும் வருபவரிடம் சொல்லிச் செல்லுங்கள்.